‘ஐ.என்.ஏ.வில் சேர்ந்தாரா?’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

சிங்கப்பூரில் போர்க்கால நினைவுகளைச் சேகரிப்பவர்களுக்கும், கண்காட்சி வைப்பவர்களுக்கும், பழையவர்களிடம் பேசிப் பதிவு செய்பவர்களுக்கும், பிப்ரவரி பிறந்தால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசுபவர்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தியப் போர்க்கைதி என்று யாராவது வாயெடுத்தாலே உங்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தாரா, இல்லையா? சேர்ந்தார் என்றால் படம் உண்டு, நேதாஜி பெயரோடு நாலு வரி உண்டு. சேரவில்லை என்றால் அவரைப் பற்றிச் சொல்ல உங்களிடம் அவ்வளவாக ஒன்றும் இருப்பதில்லை. என் தாத்தா இந்த இரண்டிலும் அடங்காத ஆள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் கால்நடை மருத்துவப் பிரிவில் ஜமேதார் என்ற இளநிலை அதிகாரியாக இருந்தவர், 1942 பிப்ரவரியிலிருந்து 1945 செப்டம்பர் வரை இதே ஊரில் கைதி, அதற்கு அப்புறம் இதே ஊரிலேயே மாட்டு டாக்டர். எண்பதுகளில் ஒரு குழுவிலிருந்து (பெயர் எதற்கு, இப்போது அந்தக் குழுவே இல்லை) டேப் ரெக்கார்டரும் கையுமாக வீட்டுக்கு வந்தார்கள். முதல் கேள்வியே அதுதான். “முதல்ல சேர்ந்தேன், அப்புறம் சேரல” என்றார் தாத்தா. வந்தவருக்குக் குழப்பம். “அப்போ எதைப் போட்டுக்கட்டும்?” என்றார். “ரெண்டையும் போட்டுக்குங்க.” கொஞ்ச நேரம் நேதாஜியைப் பற்றிக் கேட்டார்கள், தேநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து பாட்டியிடம் தாத்தா சொன்னதுதான் இந்த மடலை எழுத வைத்தது: “மாட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே!”

நான் கேட்டுக்கொள்வதும் அதைத்தான். ஒரு மனிதர் சிறைப்பட்டுக் கிடந்த மூன்றரை வருஷத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அந்த மூன்றரை வருஷமே புரியாது. உள்ளே அவர் என்ன செய்தார், எப்படிப் பிழைத்தார், யாரைப் பிழைக்க வைத்தார் என்பதெல்லாம் அதற்கு முன்னால் அவர் கற்றுக்கொண்ட தொழிலில் இருக்கிறது. வெளியே வந்தபின் எப்படி வாழ்ந்தார் என்பதிலும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் தாத்தாவை வைத்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் மன்னார்குடிப் பக்கம். வீட்டில் உம்பளச்சேரி மாடுகள். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) வந்து, ஒரே பருவத்தில் கொட்டில் காலி. உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 2011-இல் அறிவித்தார்களே, அந்த நோய்தான். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர்கள் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான், ஆனால் அதற்கு யாரும் பட்டாசு வெடித்ததாக ஞாபகம் இல்லை. சரி, அது கிடக்கட்டும். அந்தக் கோபத்தில்தான் படித்து வேப்பேரிக்குப் போனார். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. படித்து முடித்ததும் ஜில்லா உத்தியோகத்தைவிட ராணுவத்தில் சம்பளம் கூட என்று வடக்கே போய்விட்டார்.

அங்கே மாடு கிடையாது. குதிரை, அதைவிட அதிகமாகக் கோவேறு கழுதை. மலைப் பீரங்கியைக் கழற்றிக் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் ராணுவம் அது. வேலையில் பாதி சுர்ரா நோய் பார்ப்பது. ரத்தத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் புழு மாதிரி நெளியும் ஒட்டுண்ணி. அதை 1880-இல் பஞ்சாபில் கண்டுபிடித்த கிரிஃபித் எவன்ஸும் ஒரு ராணுவக் கால்நடை மருத்துவர்தான். இன்னொரு பாதி கிளாண்டர்ஸ் சோதனை. கீழ் இமையில் மல்லீன் மருந்தை ஊசியால் ஏற்றிவிட்டு, ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். இமை வீங்கிச் சீழ் கட்டினால் அந்தக் குதிரைக்கு வைத்தியம் கிடையாது, துப்பாக்கிதான். மனிதனுக்கும் தொற்றிக் கொல்லும் நோய் என்பதால் யோசிக்க இடமில்லை. “கையெழுத்துப் போடறவன் நான், சுடறவன் வேற ஆளு, ஆனா குதிரை என்னைத்தான் பாக்கும்” என்பார்.

மீதி நேரமெல்லாம் சேணப் புண். பாரம் சரியாக ஏற்றாததால் கழுதை முதுகில் விழும் புண், உள்ளே சதை செத்து அழுகி மேலே தோல் மட்டும் மூடியிருக்கும். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

சிங்கப்பூருக்கு அவர் வந்தபோது இங்கே இந்தியப் படைகளிடம் லாரிகள். கழுதை மருத்துவருக்கு என்ன வேலை? இறைச்சி. இந்தியச் சிப்பாய்களுக்கு உயிரோடு கொண்டுவரும் ஆடுகளைப் பார்த்து, நோய் உண்டா இல்லையா என்று சொல்லி, முஸ்லிம்களுக்கு ஹலால், சீக்கியர்களுக்கும் டோக்ராக்களுக்கும் ஒரே வெட்டில் வெட்டும் ஜட்கா என்று தனித்தனியாக வெட்ட அனுப்ப வேண்டும். வெடிகுண்டு விழுந்துகொண்டிருந்த கடைசி நாள்களில் பட்டியைத் திறந்து விட்டுவிட்டார்களாம். ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை, ஆடுகள் மட்டும் யாரோ பூட்டிவிட்டு ஓடிய வீட்டுத் தோட்டத்தில் குரோட்டன்ஸ் செடியை மேய்ந்துகொண்டிருந்தன என்பார். ஒரு போரைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரே காட்சி இது.

இதில் அவர் கொடுத்துவைத்தவர் என்று நினைக்கிறேன். தன்னிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட மிருகத்தையே பட்டியல் போட்டு வெட்டக் கொடுப்பதுதான் முற்றுகையில் மாட்டிய ராணுவக் கால்நடை மருத்துவர்களின் தலையெழுத்து. முதல் உலகப் போரில் மெசபொத்தேமியாவின் கூத் நகரத்தில் அப்படித்தான் நடந்தது, 1916 ஏப்ரல் 29-இல் அது சரணடையும்வரை குதிரையும் கழுதையும்தான் கறி. இந்தியச் சிப்பாய்கள் பலர் மத காரணத்தால் நெடுநாள் தொடாமல் பட்டினி கிடந்து, ஸ்கர்வியில் விழுந்து, கடைசியில்தான் சாப்பிட்டார்கள். 1942-இல் பிலிப்பீன்ஸின் பட்டானிலும் அதே கதை. குதிரைப்படைக்காரரான ஜெனரல் வெயின்ரைட், குதிரைகளை வெட்ட உத்தரவு போட்டபோது முதலில் தன் சொந்தக் குதிரையை வெட்டச் சொன்னார். தாத்தாவுக்குக் கூத் கதை தெரியும், பழைய சுபேதார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. 17-ஆம் தேதி ஃபாரர் பார்க்கில் இந்தியர்களை மட்டும் தனியாகக் கூட்டினார்கள், 40,000-க்கும் மேற்பட்டவர்கள். 1933 வரை குதிரைப் பந்தயம் ஓடிய திடல் அது. ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்து, இனி நீங்கள் ஜப்பானியர் பொறுப்பு என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார். அப்புறம் ஜப்பானிய உளவு அதிகாரி மேஜர் ஃபுஜிவாரா பேசினார், ஐ.என்.ஏ.வுக்கு ஆள் சேர்த்த கேப்டன் மோகன் சிங் பேசினார். தாத்தா முதலில் ஏன் சேர்ந்தார் என்று கேட்டால் அரசியல் எதுவும் சொல்லமாட்டார். “சந்தையில ஆடு மாடு கைமாறும்போதுகூடப் பல்லைப் பாத்து, எண்ணிப் பாத்துதான் கைமாத்துவாங்க. எங்களை எண்ணக்கூட இல்ல” என்பார். அந்த அவமானம்தான் காரணம்.

டிசம்பரில் ஜப்பானியரோடு தகராறு முற்றி மோகன் சிங்கைக் கைது செய்ததும் அந்த முதல் படை கலைந்தது. 1943 ஜூலையில் போஸ் வந்தார். கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றதையும் பாடாங் அணிவகுப்பையும் நீங்களே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறீர்கள், நான் வேறு சொல்ல வேண்டாம். தாத்தா அந்தப் பேச்சைக் கேட்டு அழுதாராம். ஆனால் மறுபடி சேரவில்லை. பயமா, கசப்பா, ஜப்பான்காரனை நம்பாததா? எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். அவர் சொன்ன காரணம் வேறு. அப்போது அவர் முகாம் மருத்துவமனையில் இருந்தார், படுத்திருந்தவர்களை விட்டுவிட்டு வர முடியவில்லை. அவ்வளவுதான். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

மாட்டு டாக்டர் மனிதர்களின் வார்டுக்குள் போன கதையும் லேசானதல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்குத்தான் முதலில் அனுப்பினார்கள். காலில் சின்னக் கீறல் பட்டாலே அது வெப்பமண்டலப் புண்ணாகி எலும்பு தெரியும் அளவுக்கு அரித்துவிடும். மருந்து இல்லை, ஆள் இல்லை. தாத்தாவுக்கோ அந்தப் புண்ணைப் பார்த்ததும் கை பரபரத்திருக்கிறது, ஏனென்றால் அது அவருக்குத் தெரிந்த சேணப் புண்தான், இடம்தான் வேறு. முகாம் மருத்துவர் முதலில் கிட்டவே விடவில்லை. அவரும் இந்தியர்தான், மனுஷனுக்கு மாட்டு வைத்தியமா என்று சத்தம் போட்டிருக்கிறார். அப்புறம் படுக்கை நிரம்பியதும் அவரே கூப்பிட்டனுப்பினார். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், தீட்டிக் கூராக்கிய கரண்டி. செத்த சதையைச் சுரண்டி எடுப்பது, காலை உயர்த்திக் கட்டுவது, ஈ உட்காராமல் மூடுவது. புழு வைத்துவிட்டால் ஒருநாள் விட்டுவைப்பார்களாம், செத்த சதையை அது தின்று முடிக்கட்டும் என்று. மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும், ஒன்று தவறினாலும் நல்ல சதைக்குள் போய்விடும்.

ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் ரயில்பாதை முகாம்களிலும் இதே கரண்டி வைத்தியம்தான். அங்கே சுங்காய் முகாமில் கால்களை வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றிய டாக்டர் மார்க்கோவிட்ஸ், போருக்கு முன்னால் நாய்களுக்கு இதயம் மாற்றிப் பார்த்த ஆராய்ச்சிக் குழுவில் இருந்தவர். மிருகத்திடம் கற்றது மனிதனுக்கு உதவாது என்று சொல்கிறவர்களிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஆனால் தாத்தாவின் பெரிய சண்டை புண்ணைப் பற்றியது அல்ல, சோற்றைப் பற்றியது. கைதிகளுக்குப் போட்டது தீட்டிய வெள்ளை அரிசி. கொஞ்ச நாளில் கால் மரத்துப்போய், பிறகு வீங்கி, மூச்சு வாங்கி, திடீரென்று இதயம் நின்றுபோகும். பெரிபெரி. அவருக்கு இது கோழி நோயாகத்தான் முதலில் தெரியும், வேப்பேரியில் பாடத்தில் படித்தது. பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் ஐக்மான், ஆராய்ச்சிக்கு வைத்திருந்த கோழிகள் கால் துவண்டு விழுவதைப் பார்த்தார். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்றவரை அவை விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றை ‘சிவில்’ கோழிகளுக்குப் போட முடியாது என்று நிறுத்தியதும் தானாக எழுந்து நடந்தன! 1929-இல் ஐக்மானுக்கு நோபெல் பரிசே கொடுத்தார்கள், அந்தச் சமையல்காரருக்கு யார் என்ன கொடுத்தார்களோ தெரியாது.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு பங்கு உண்டு, நம் பிள்ளைகளுக்கே தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் ஆயிரக்கணக்கில் சாக, பக்கத்திலேயே வேலை பார்த்த தமிழர்களுக்கு அது அபூர்வமாகத்தான் வந்தது. பிராடன் என்ற மருத்துவர் அதைக் கவனித்துச் சொன்னார், காரணம் புழுங்கலரிசி என்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. இது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது, அவித்துச் சாப்பிட்டோம், தப்பித்தோம். அப்படிப்பட்ட தமிழனுக்கும் கைதியானபின் கிடைத்தது வெள்ளை அரிசி.

ஆகவே தாத்தா தவிட்டைத் தேடிப் போனார். யாரைக் கெஞ்சினார், எதைக் கொடுத்து வாங்கினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. வாங்கி வந்து வறுத்து, சலித்து, ஆளுக்கு ஒரு கை. “மாட்டுத் தீனியை எங்களுக்குப் போடறியா?” என்று ஒருவர் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டாராம். பட்டினி கிடந்தவர்கள் என்றால் எதையும் தின்பார்கள் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. கைதியானவனிடம் மிச்சமிருப்பது மானம் ஒன்றுதான், அதில் கை வைத்தால் சோற்றையும் எறிவான். தாத்தா அந்த ஆள் முன்னாலேயே உட்கார்ந்து தினமும் தவிட்டைத் தின்று காட்டினார். எத்தனை பேர் தின்றார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நான் கணக்குச் சொல்லப் போவதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவரோடு வடக்கிலிருந்தே வந்த லாடக்காரர் ஒருவர் இருந்தார், தாத்தாவுக்கு வலது கை. அவர் முதலிலேயே சேர மறுத்துவிட்டார். சேராதவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நியூ கினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் அனுப்பினார்களே, அதில் அவரும் போனார். நியூ கினியின் வேவாக் பக்கம் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிக மிகக் குறைவு. இவர் வரவில்லை. தாத்தா அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லாடம் அடிப்பதைப் பற்றியே பேசுவார், வேறு எதற்கும் போகமாட்டார்.

போர் முடிந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே விசாரணை. ஜப்பானியர் பக்கம் எவ்வளவு சாய்ந்தார்கள் என்று பார்த்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ஆள்களைத் தரம் பிரித்தார்கள். தாத்தாவுக்குச் சாம்பல். வேலை போயிற்று. ஊரில் சிலருக்கு அவர் துரோகி, சிலருக்குத் தியாகி, அவருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. 1949-இல் ரஜுலா கப்பலேறித் திரும்ப இங்கேயே வந்துவிட்டார். சிறை வைத்த ஊருக்கே ஏன் வந்தீங்க என்று அப்பா ஒருமுறை கேட்டதற்கு, “ஊரு என்னப்பா பண்ணிச்சு?” என்றார்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அப்போது மாடு வைத்திருந்த பால்காரர்கள் இருந்தார்கள். மடி நோய், குளம்பு அழுகல், கன்று குறுக்கே விழுந்தது, எல்லாவற்றுக்கும் தாத்தாதான். சில காலம் புக்கித் தீமா பந்தயத் திடல் லாயங்களிலும் குதிரைக்காரர்களுக்குக் கைகொடுத்திருக்கிறார். கன்றுகளை எண்ணும்போது இச்சி, நி, சான், சி என்று ஜப்பானிய மொழியில்தான் எண்ணுவாராம், பால்காரர்கள் சிரிப்பார்கள். முகாமில் காலையும் மாலையும் வரிசையில் நிற்கவைத்து அப்படி எண்ணச் சொல்வார்கள், தப்பாகச் சொன்னால் அறை. அது நாக்கில் தங்கிவிட்டது.

வீட்டில் எங்களுக்கெல்லாம் வேறு ஒன்று தங்கிவிட்டது. பேரப்பிள்ளைகள் வந்தால் மடியில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். எடுத்துவிட்டுப் பார்ப்பார், குழி விழுந்து நிற்கிறதா, தோல் உடனே மேலே வருகிறதா என்று. உடனே வந்துவிட்டால் முதுகில் தட்டி ஓடச் சொல்வார். நாங்கள் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தோம், ஒருவர் காலை ஒருவர் அழுத்திக்கொண்டு திரிவோம். நான் வளர்ந்து விலங்கு மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இதயம் பழுதான நாயின் காலில் டாக்டர் அப்படி அழுத்திப் பார்த்தபோதுதான் தாத்தா எங்களிடம் தேடியது என்ன என்று புரிந்தது. கல்யாண வீட்டில் பச்சரிசிச் சாதம் போட்டால் அவர் கைவைக்க மாட்டார், சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டதெல்லாம் தனிக்கதை.

இவ்வளவையும் அந்த டேப்பில் பதிவு செய்திருக்கலாம். அவர் சொல்லத் தயாராகத்தான் இருந்தார்.

அதனால் உங்களிடம் கேட்பது இது. கைதியாக இருந்தவர்கள் அநேகமாக இப்போது யாரும் இல்லை, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எங்களிடம் வரும்போது 1942-இல் தொடங்காதீர்கள். அவர் என்ன தொழில் பார்த்தார், எங்கே கற்றார், கையில் என்ன கருவி வைத்திருந்தார் என்று கேளுங்கள், அப்புறம் முகாமுக்கு வாருங்கள், அங்கேயே நின்றுவிடாமல் வெளியே வந்தபின் சம்பாதித்தாரா, தூங்கினாரா, எதைச் சாப்பிட மறுத்தார் என்றும் கேளுங்கள். அதிகாரிகளும் துப்பாக்கிக்காரர்களும் மட்டுமல்ல, லாடக்காரர், சமையல்காரர், சலவைக்காரர், தோட்டி, கம்பவுண்டர், மாட்டு டாக்டர் எல்லோரும்தான் கைதியானார்கள். கிராஞ்சி போர் நினைவிடத்தில் சுவரில் பொறித்த 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் இவர்களும் இருக்கிறார்கள், பின்னால் இருக்கும் தகன நினைவிடத்திலும் இருக்கிறார்கள். மாணவர்களை அங்கே கூட்டிப்போகும்போது ஒரு பெயரைக் காட்டி இவர் என்ன வேலை பார்த்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் யோசிப்பார்கள்.

இன்னொன்று, இது அவசரம். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கிராஞ்சிப் பந்தயத் திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. லாயங்களில் பரம்பரையாக வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் கலைந்துகொண்டிருக்கின்றன. அவர்களின் தாத்தாக்களில் எத்தனை பேர் ராணுவத்தில் குதிரை பார்த்துவிட்டு வந்தவர்களோ! இப்போதே போய்ப் பேசுங்கள். தமிழிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள், ஆங்கிலத்தில் கேட்டால் “ஆமா, கஷ்டப்பட்டாங்க” என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

என்னிடம் தாத்தாவின் வேப்பேரிச் சான்றிதழ் இருக்கிறது, விடுவிப்புக் காகிதம் இருக்கிறது, பால்காரர்களிடம் வாங்கிய கட்டணம் எழுதிய சின்னக் கணக்கு நோட்டு இருக்கிறது. நோட்டில் மாட்டின் பெயரும் நோயும் சேர்த்தே எழுதியிருக்கிறார், வைத்தியத்துக்குப் பணம் வராத வீடுகளின் எதிரே கோடு மட்டும் போட்டிருக்கிறார். மூன்றையும் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து தருகிறேன், ஸ்கேன் செய்துகொண்டு திருப்பித் தந்தால் போதும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வசதி.

இப்படிக்கு,
சிராங்கூன் வட்டாரத்திலிருந்து ஒரு பேத்தி